பதினோராவது எஸ்டிமேட்

"அம்மா, வலி எப்படி இருக்கு?" என்று கேட்டபடியே, ஈரத் தரையில் மண்டியிட்டு அளவு டேப்பை இழுத்தார் 'எஸ்டிமேட்'.

குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "உயிர் போகுதுடா. காலையில வழுக்கி விழ இருந்தேன். நல்ல வேளை, உன் பொண்டாட்டி ஓடி வந்து தாங்கிப் பிடிச்சா."

எஸ்டிமேட் என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். அடுத்தவர் கொடுக்கும் பில்லில் குறை கண்டுபிடிப்பதுதான் அவருக்கு வேலை. ஒரு புள்ளி தள்ளி விழுந்திருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அப்பேர்ப்பட்டவர், தன் வீட்டுக் குளியலறையை மாற்றிக் கட்ட மூன்று வருடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஃபைல்தான் தலையணை கனத்துக்கு வளர்ந்ததே தவிர, குளியலறையில் ஒரு ஆணிகூட மாறவில்லை.

அதற்குள் சுவரில் ஈரம் ஏறிவிட்டது. கதவின் தாழ்ப்பாள் உடைந்து ஒன்றரை வருடமாகிறது. எப்படியும் கதவே மாறப்போகிறது, நடுவில் தாழ்ப்பாளுக்கு எதற்குத் தண்டச் செலவு என்று அதில் யாரையும் கை வைக்க விடவில்லை மனிதர். ஆகவே, உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாகப் பாடிக்கொண்டேதான் குளிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். தொண்டை கட்டிய நாட்களில் அவர் மனைவிக்குக் குளியலே கிடையாது.

"எனக்குப் பளிங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு நிம்மதியா குளிக்கணும், அவ்வளவுதாங்க" என்று அவளும் கேட்காத நாளில்லை.

"இன்னும் ரெண்டே ரெண்டு எஸ்டிமேட் வரட்டும்" என்பார் இவர். அந்த இரண்டு வந்ததும், இன்னும் இரண்டு.

டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மேஸ்திரி பெருமூச்சு விட்டார். "சார், இந்த பாத்ரூமை அளக்க நான் வர்றது இது பதினோராவது தடவை. முதல் தடவை வந்தப்ப எனக்குக் கல்யாணம்கூட ஆகலை. இப்ப என் பொண்ணு ஓடி விளையாடுறா."

"அவசரப்பட்டா ஆகுமா மேஸ்திரி? டைல்ஸ் விலை அடுத்த மாசம் இறங்கும்னு பேசிக்கிறாங்க."

"அதுவும் மூணு வருஷமா அடுத்த மாசம்தான் இறங்குது சார்."

எஸ்டிமேட் ஃபைலைப் புரட்டினார். வழுக்காத டைல்ஸ், உட்கார்ந்து குளிக்க ஒரு மேடை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, புதுக் கதவு. அம்மாவின் முழங்கால் வலியால் இந்த வாரம் புதிதாகச் சேர்ந்தவை இவை, கதவு மட்டும் பழைய பாக்கி. எல்லாம் கூட்டினால் பட்ஜெட்டைத் தாண்டி நின்றது. கடைசி வரியில் அவருடைய ஆசை ஷவர் இருந்தது. கூரையிலிருந்து மழை மாதிரி கொட்டும். நான்கு முறை கடைக்குப் போய் அதன் கீழே சும்மா நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"சரி, அடுத்த வாரம் இன்னொரு தடவை உக்காந்து பேசிடலாமே" என்று ஃபைலை மூடப் போனார்.

"எனக்காக எதையும் மாத்தாதேப்பா" என்றார் அம்மா, இடது முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே. "நீ நிதானமா யோசி. அதுவரைக்கும் நான் பக்கத்து வீட்டுல போய்க் குளிச்சுக்கறேன். அவங்க வீட்டுல தாழ்ப்பாள் இருக்கு."

அம்மாவின் பின்னால் நின்றிருந்த மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

மூடப் போன ஃபைல் எஸ்டிமேட்டின் கையில் பாதியில் நின்றது. நான் இங்கே ஃபைலை வளர்த்துக்கொண்டிருந்தேன், அம்மா வலியை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக வந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"மேஸ்திரி, அந்த ஷவரை லிஸ்ட்லேருந்து அடிச்சிடுங்க. மத்தது அத்தனையும் அப்படியே இருக்கட்டும். நாளைக்குக் காலையிலேயே வேலையை ஆரம்பிச்சிடுங்க."

மேஸ்திரி நம்பாமல் எஸ்டிமேட்டின் மனைவியைப் பார்த்தார். மனைவி அத்தையைப் பார்த்தாள். எஸ்டிமேட் கையெழுத்துப் போட்டு, முன்பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டார். மனைவியின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும், ஷவர் போனது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மேஸ்திரியை வழியனுப்பத் தெருவரைக்கும் கூடவே போனார். மனசு லேசாக இருந்தது, நடையில் ஒரு துள்ளல்கூட வந்திருந்தது.

மேஸ்திரி வண்டியைக் கிளப்பப் போனவர் நிறுத்தினார். "ஒண்ணு கேக்க மறந்துட்டேன் சார். அம்மாவுக்கு வலி எந்தக் கால்ல? அந்தப் பக்கம் பார்த்துத்தான் கைப்பிடி வைக்கணும்."

எஸ்டிமேட் குனிந்து தன் முழங்கால்களை மாறி மாறிப் பார்த்தார். பெற்ற தாய்க்கு எந்தக் கால் வலிக்கிறது என்றுகூடத் தெரியாத பிள்ளையாகவா இருந்தோம் என்று வெட்கமாகிவிட்டது. "இருங்க, ஒரு நிமிஷத்துல கேட்டுட்டு வந்துடறேன்" என்று படியேறி ஓடினார்.

சமையலறையில் அம்மாவும் மருமகளும் சிரிக்கிற சத்தம் கேட்டது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து என்று பூரித்துப்போய், சத்தமில்லாமல் கதவருகே வந்து நின்றார்.

உள்ளே மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி அத்தை, நாம பேசி வெச்சது வலது கால்தானே?"