ஐம்பது வயதுக் குரல்

சுகந்திக்கு எழுபத்தைந்து நிறைந்த காலையில் முதியோர் இல்லத்தின் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. மாமியார் அழுதழுதே தன்னைப் பதினோரு வருடம் வீட்டோடு கட்டிப்போட்டதை மனதில் வைத்து, எழுபத்தைந்தில் தன்னை இல்லத்தில் சேர்த்துவிட வேண்டுமென்று ஐம்பது வயதில் அவளே பதிந்துகொடுத்த ஏற்பாடு. சட்டப்படி இனி மாற்ற முடியாது.

"நான் வரலப்பா. எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"அத்தைய நானே பாத்துக்கறேங்க," என்று மருமகள் யாழினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வந்த ஊழியன் சங்கடத்துடன் அன்றைய குரல்பதிவை ஓடவிட்டான். சுகந்தியின் பழைய குரல் திடமாக ஒலித்தது: "அன்னிக்கு நான் அழுவேன், மாட்டேம்பேன். மருமக வந்தா அவளும் பாவப்பட்டு விடமாட்டேம்பா. ரெண்டு பேர் பேச்சையும் கேக்காதீங்க."

மாமியாரிடம் ஒருநாளும் காட்டத் துணியாத கண்டிப்பு அது. பதில் சொல்ல வாயெடுத்த சுகந்திக்கு அழுகைதான் வந்தது. ஊழியன் தலையைக் குனிந்தபடி வண்டியின் கதவைத் திறந்தான்.