அச்சு அசல்

மகனின் கழுத்தில் ஜொசுவே உளியை வைத்து அழுத்தினார். செம்பு சுருள் சுருளாகப் பெயர்ந்தது. தகட்டின் அடியில், எல்லாத் தகட்டிலும் போல, பெயர் இடம்வலமாகத் திரும்பிக் கிடந்தது. முகம்தான் பாக்கி.

எதிரே நிச்சயதார்த்தத்துக்கு வரைந்த ஓவியத்தில் ஜெதெயோன் சிரித்துக்கொண்டிருந்தான். தடை செய்த ஜெபப் புத்தகத்தை அச்சடித்துவிட்டு ஒளிந்திருப்பவன். இந்தப் படம் பாரிஸின் எல்லாக் கோட்டை வாசல்களிலும் ஒட்டப்பட்டுவிட்டால் அவனால் வெளியேற முடியாது. பிடிபட்டால் தூக்கு.

"பெத்த பிள்ளைய நீங்களே காட்டிக்குடுக்கறீங்களே, நீங்கள்லாம் ஒரு அப்பனா?" என்றாள் சுசான்.

"நான் மாட்டேன்னா வேற ஒருத்தன் செதுக்குவான்."

ஜன்னலோரம் நின்ற காவல் அதிகாரி சிரித்தான். "உங்க வீட்டுக்காரர் வெவரமானவர்ம்மா. பெரியவரே, இடது கன்னத்துத் தழும்ப விட்டுடாதீங்க. அத வச்சுத்தான் ஆளப் புடிக்கணும்."

ஓவியத்தின் அருகே ஒரு கண்ணாடி சாய்ந்திருந்தது. அதற்குள் தெரியும் ஓவியத்தின் முகத்தைப் பார்த்துத்தான் ஜொசுவே எப்போதும் செதுக்குவார். ஏனென்று அவள் கேட்டதில்லை. அதைத் தூக்கித் தரையில் அடித்தாள்.

"இப்ப செதுக்குங்க பாப்போம்!"

ஜொசுவே சில்லுகளைப் பார்த்தார். "அது இல்லாட்டி என்ன? ஓவியத்தப் பாத்தே செதுக்கறேன்."

மாலையில் அதிகாரி தகட்டை ஓவியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மூக்கு, மயிர்ச்சுருள், தழும்பு. அதில் எந்தப் பக்கமோ இதிலும் அந்தப் பக்கம்.

"அச்சு அசல்!" என்று ஜொசுவேயின் முதுகில் தட்டிவிட்டுத் தகட்டை அச்சுக்கூடத்துக்கு எடுத்துப்போனான்.

சுசான் சில்லுகளுக்கு நடுவே சரிந்து உட்கார்ந்தாள். ஜொசுவே பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

விடிந்ததும் சேன் மார்த்தேன் வாசலுக்கு ஓடினாள். ஒரு படத்தையாவது கிழித்துவிட வேண்டும் என்று.

அதற்குள் காவலர் இருவர் ஒரு வைக்கோல் வண்டிக்காரனைக் கீழே இழுத்துப்போட்டிருந்தார்கள். தொப்பி கழன்று விழுந்தது. ஜெதெயோன்.

மூத்த காவலன் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினான். சுவரில் ஈரம் காயாமல் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தான். இடது கன்னத் தழும்பை விரலால் தடவினான். மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

"இவன் இல்லடா. அவனுக்குத் தழும்பு வலது கன்னத்துல. விட்டுடு."