ஒன்பதாம் எண் வெளியே வருகிறாள்

அவள் ஆட்டத்தை நிறுத்தினாள்.

எண்பத்தாறாவது நிமிடம். மடிக்கணினித் திரையில் எல்லோரும் அப்படியே உறைந்து நின்றார்கள். ஒன்பதாம் எண் சட்டை போட்ட தேவகிருபையின் தலைக்கு மேல் மட்டும் காயத்தைக் காட்டும் ஓர் ஆரஞ்சுச் சிலுவை மினுக்கிக்கொண்டிருந்தது.

முழங்கால்.

அவளுடைய முழங்காலும் தலையணை மேல்தான் கிடந்தது, ஐஸ் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு.

ஏழு சீசனாக இந்த அணியை நடத்துகிறாள். கொடுங்கையூர் மகளிர் கால்பந்துக் கழகம். அவள் கணினியைத் தவிர வேறெங்கும் இல்லாத கழகம். மூன்றாம் டிவிஷனின் அடியில் கிடந்ததை இழுத்துப் பிடித்து இரண்டாம் டிவிஷன் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். இன்றைக்கு டிரா போதும். இப்போது ஒன்றுக்கு ஒன்று.

இந்த விளையாட்டில் மற்றவர்கள் முதல் நாளே உலக நட்சத்திரங்களை வாங்கிக் குவிப்பார்கள். தோற்றால் பழைய 'சேவ்' பதிவைத் திறந்து அதே ஆட்டத்தை மறுபடி ஆடுவார்கள். அவளுக்கு அது ஆகாது. நிஜத்தில் நடக்காதது இங்கேயும் நடக்கக் கூடாது. மூன்றாம் டிவிஷனுக்கு யார் வருவார்களோ அவர்கள்தான் வருவார்கள். தோற்றால் தோற்றதுதான்.

"கேம்ல கூட கஷ்டப்படணும்னு வேண்டுதலாக்கா?" என்பாள் அறைத்தோழி இன்பரசி.

அவர்களுடைய நிஜ அணிக்கு இன்பரசிதான் கோல்கீப்பர். நாளைக் காலை இருவருக்கும் இறுதிப் போட்டி.

இருவருக்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஐந்து மணிக்குக் கோச் போன் செய்வார். சரி என்றால் நாளை அவள் முழங்காலில் ஓர் ஊசி போடுவார்கள். தொண்ணூறு நிமிடத்துக்கு வலி தெரியாது.

போன வருடமும் இதே ஊசிதான். வலி தெரியவில்லை. தசைநார் பாதி கிழிந்ததும் தெரியவில்லை.

இன்னொரு முறை இப்படி ஓடினால் மிச்சமும் போய்விடும், அப்புறம் பந்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் ஸ்கேனைக் காட்டிச் சொல்லிவிட்டார். உனக்குப் பதில் ஆள் இல்லை என்கிறார் கோச். அது பொய்யும் இல்லை. இருவருக்குப் பரீட்சை, ஒருத்திக்கு டெங்கு. அவளையும் சேர்த்தால்தான் பதினொன்று.

மணி நாலு நாற்பது.

திரையில் ஒரு செய்தி வந்து நின்றது. காயம். தொடர்ந்து ஆடலாம்.

"பாத்தியா, ஆடலாம்னு அதுவே சொல்லுது" என்றாள் இன்பரசி, கட்டிலில் இருந்தபடி. "நாலு நிமிஷம்தானேக்கா. விடு, ஓடட்டும்."

மாற்று வீராங்கனைகளை எல்லாம் இறக்கியாகிவிட்டது. வெளியே எடுத்தால் பத்துப் பேர்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஆடலாம், ஆடலாம். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். நொண்டுகிறவளை ஒருவரும் கேட்பதில்லை.

தேவகிருபையை வெளியே எடுத்தாள்.

"லூசாக்கா நீ?"

பத்துப் பேர் ஓடினார்கள். தொண்ணூறு வரை தாக்குப்பிடித்தார்கள். கூடுதல் நேரம் மூன்று நிமிடம். அதன் கடைசியில் ஒரு கார்னர். மூலைக்கொடியிலிருந்து உதைத்த பந்து வளைந்து உள்ளே வந்தது. கீப்பர் கோல் கோட்டிலிருந்து நகரவில்லை. எதிரணிக்காரி ஒருத்தி தலையால் முட்டினாள்.

இரண்டுக்கு ஒன்று.

"வெளிய வர வேணாமா அது! மரம் மாதிரி நிக்குது!" இன்பரசி எழுந்தே விட்டாள். "நேத்து சேவ் இருக்குல்ல? அதப் போடுக்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

நேற்றைய சேவ் பதிவின் மேலேயே இன்றைய தோல்வியைப் பதிந்தாள். இனித் திரும்பிப் போக வழியில்லை. ஏழு சீசன்.

மருத்துவ அறிக்கை வந்தது. தேவகிருபை, பத்து நாள் ஓய்வு.

"பத்து நாளுக்கா இவ்ளோ கூத்து?"

"பத்து நாளோட போவணும்னுதான்."

இன்பரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். இன்பரசியும் கேட்கட்டும்.

"என்னம்மா, ஊசிக்குச் சொல்லிடட்டா?"

"வேணாம் சார்."

"வெளயாடாத. உன்ன விட்டா பத்து பேரு. பத்து பேர வச்சு ஃபைனல் ஆடுறதா?"

"ஆடலாம் சார். ஆடிப் பாத்துட்டேன்."



"தோத்துப் போவோம்மா."

"தோத்தா தோத்ததுதான் சார்."

"அப்போ அடுத்த வருஷம் லிஸ்ட்ல உன் பேர் இருக்குமான்னு நான் யோசிக்கணும்."

"யோசிங்க சார். அடுத்த வருஷம் எனக்குக் கால் இருக்கும்."

அவளே போனை வைத்தாள்.

ஐஸ் முழுக்க உருகித் தலையணை நனைந்திருந்தது. இன்பரசியின் முதுகைப் பார்க்காமல் இருக்க, அடுத்த சீசனைத் திறந்தாள். மறுபடியும் மூன்றாம் டிவிஷன். ஒன்பதாம் எண்ணில் தேவகிருபையின் பெயரையே போட்டாள்.

இன்பரசி ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்த கையுறைகளை எடுத்தாள். போட்டுக்கொண்டு, விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"நாளைக்குக் கார்னர் வந்தா நான் வெளிய வந்துடுறேன்க்கா" என்றாள்.