கார்டு தேய்த்தது யார்?

"சட்டை வாங்கவே இல்லைன்னு பேங்க்ல புகார் கொடுத்திருக்கீரே, இது நியாயமா வே?" ஜவுளிக்கடை அப்பாத்துரை அண்ணாச்சி கொதித்தார். "எனக்கு வரவேண்டிய பணத்தை பேங்க்காரன் பிடிச்சு வச்சிட்டான்."

ஜெபஸ்டின் நிதானமாகச் சொன்னான். "கார்டு தேய்ச்சது யாருன்னு கேமராவில காட்டுங்க அண்ணாச்சி."

"நல்லாப் பாரும்!"

திரையில் ஒரு பெண் நீலச் சட்டையை விரித்துப் பார்த்தாள். ஏதோ சொல்லிச் சிரித்தாள். கார்டை நீட்டினாள்.

"இவ யாருன்னு தெரியுதா?"

"என் சம்சாரம் கிறிஸ்டி."

"பிறகு எதுக்குவே புகார்?"

"இந்த வீடியோவை முன்னாடியே வந்து கேட்டேன். பேங்க் கேட்டாத்தான் எடுப்போம்னு உங்க ஆளு சொல்லிட்டாரு. புகாரை இன்னைக்கே வாபஸ் வாங்கிருதேன். இன்னொரு தடவை போடுங்க அண்ணாச்சி. இங்கன இருந்து கிளம்பினவ வீடு வந்து சேரல. வண்ணாரப்பேட்டையில லாரி மோதிருச்சு."

 கிறிஸ்டி கடைக்குள் நுழைவதிலிருந்து அண்ணாச்சி மறுபடியும் ஓட்டினார்.