வலது மூலைக் கையெழுத்து

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மூத்தவர் பூமிராஜன். அவருடைய தம்பி சிதம்பரபாண்டி. தங்கை செல்வக்கனி. அவள் கணவர் மதிவாணன், ஈரோட்டுக்காரர்.

சுவரில், மாலையோடு அய்யா.

அய்யாவுக்கு முதல் வருஷப் படையல். சாப்பிட்டு இலை எடுத்தாகிவிட்டது.

அய்யா படத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சட்டம். அவர் காலமெல்லாம் வேலை பார்த்த சிவகாசி அச்சகம் வெளியிட்ட கௌபாய் சித்திரக்கதையின் ஒரு பக்கம் அதற்குள் இருந்தது. புழுதி கிளப்பிப் பாயும் குதிரைகள். மதுக்கடை வாசலில் நின்று பார்க்கும் ஆட்டக்காரி. வலது மூலையில் அய்யாவின் கையெழுத்து.

குதிரை ஓவியர் வீடு என்றால் தெருவே கைகாட்டும். செல்வக்கனியைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அந்தச் சட்டத்தின் முன் நின்று பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

மதிவாணன் பையைத் திறந்தார். உள்ளே ஒரு பழைய அமெரிக்க இதழ். எங்கெங்கோ சொல்லிவைத்து வாங்கியது. குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, விரித்து, சட்டத்தோடு ஒட்டிப் பிடித்தார்.

அதே புழுதி.

அதே குதிரைகள்.

அதே மூலையில் வேறு பெயர்.

"ஹாலோரன், மச்சான். நான் கும்பிடுற ஆளு. குதிரைன்னா உலகத்துல இவரு ஒருத்தருதான்."

படையல் செம்பைக் கையில் எடுத்த பூமிராஜன் அப்படியே நின்றார். அய்யா வீட்டில் ஒரு நாளும் குதிரை வரைந்து அவர் பார்த்ததில்லை. அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மதிவாணன் அதோடு விட்டிருக்கலாம். இதழில் ஆட்டக்காரியின் தோள்கள் வெறுமையாக இருந்தன. சட்டத்துக்குள் இருந்தவள் கழுத்து ஏறிய ரவிக்கை போட்டிருந்தாள். அதைத் தொட்டுக்காட்டிச் சிரித்தார்.

"இந்த ரவிக்கை மட்டும் மாமா கைவேலை. என்ன ஒரு தையல்!"

பித்தளைச் செம்பு அவர் வாயில் இறங்கியது.

படையல் தண்ணீர் சிதறியது. அடுத்த அடியில் பல் தெறித்தது. மதிவாணன் மல்லாந்து விழுந்தார். பூமிராஜன் அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றினார். பின்னாலிருந்து கட்டிப்பிடித்த தம்பியின் மூக்கை முழங்கை உடைத்தது.

அறுபது வயது ஆளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"சொல்லும் மாப்ள. வரைஞ்சது யாரு?"

"எங்க அய்யாதான்னு சொல்லிருங்க. உங்க கால்ல விழுறேன், சொல்லிருங்க." செல்வக்கனி தரையில் கிடந்து கதறினாள்.

மதிவாணனின் ஒரு கண் மூடிவிட்டது. இன்னொரு கண்ணால் இதழைத் தேடினார். அது ஈரத்தில் கிடந்தது. குதிரைகளின் காலடியில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தை போதும். உயிர் தப்பிவிடலாம்.

உதடு கிழிந்திருந்தது. ஆனாலும் பெயர் தெளிவாகவே வந்தது.

"ஹாலோரன்."

செம்பு உயர்ந்தது.

செல்வக்கனி பாய்ந்து கணவரின் வாயைப் பொத்தினாள்.

செம்பு அவள் விரல்களின் மேல் இறங்கியது.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

சொத்துத் தகராறு என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அந்த வீட்டில் பங்கு போடுவதற்குச் சொத்து என்று எதுவும் இருந்ததில்லை.