யானைக்கு முன்னால் ஆறு பேர்

படத்தில் ஆறு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. நடுவில் நின்ற யூட் மட்டும் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், காலில் செருப்பில்லை. இரண்டு பக்கமும் நின்றவர்கள் அவன் தோளில் கை போட்டிருந்தார்கள்.

"இது கொழும்பு மிருகக்காட்சிசாலை, சரிதானே?" ஜெர்மன் அதிகாரி படத்தை மேசையில் போட்டார். "காலையிலிருந்து அடி, உதை, சித்திரவதை என்றீர்கள். உங்கள் பைக்குள் இது இருந்தது."

தமிழில் சொல்ல வேண்டிய பார்த்தசாரதிக்கே சுருக்கென்றது. ஆஹென் நகரில் பொறியியல் படிக்கும் சென்னைக்காரன் அவன். தமிழ் தெரிந்த பாவத்துக்கு அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளனாக வந்து மாட்டிக்கொண்டிருந்தான்.

இராணுவ முகாமில் யூட் பட்டதையெல்லாம் காலையிலிருந்து அவன்தான் ஜெர்மனில் சொல்லியிருந்தான். பிளாஸ்டிக் குழாய்க்குள் மண்ணை நிரப்பி உள்ளங்காலில் அடித்தது. பெட்ரோல் நனைத்த பையை முகத்தில் கட்டியது. இரண்டு கட்டைவிரலிலும் கயிறு போட்டு உத்தரத்தில் தூக்கியது. ஒவ்வோர் அடிக்கும் ஒரே கேள்விதான்: "றெஜினோல்ட் எங்கே?"

றெஜினோல்ட், யூட்டின் கூடப்பிறந்த மூத்தவன். மூன்று வாரம் அடித்தும் யூட் வாயைத் திறக்கவில்லையாம். கடைசியில் ஆகஸ்ட் மாதம் றெஜினோல்டைச் சுட்டுக் கொன்றுவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது பார்த்தசாரதி அவனுக்காக இரக்கப்பட்டான். இப்போது அந்த இரக்கமெல்லாம் போய்விட்டது.

"படம் எப்போது எடுத்தது?"

"ஓகஸ்ட்."

"உங்கள் அண்ணன் கொல்லப்பட்ட மாதம். அந்த மாதத்தில் யானை பார்க்கப் போனீர்களா?"

யூட் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கூட்டிக்கொண்டு போனவை. நாலு நாள், ஒரு வானிலை ஏத்திக்கொண்டு. காலிமுகத்திடல், மியூசியம், கோட்டை ஸ்ரேசன், சனம் கூடுற இடமெல்லாம் கொண்டுபோய் என்னைச் சுத்திக் காட்டினவை."

பார்த்தசாரதி பெருமூச்சு விட்டான். காலையிலிருந்து இந்த யாழ்ப்பாணத் தமிழோடு மல்லுக்கட்டு. மிரட்டினால் 'வெருட்டினவை', பேசினால் 'கதைச்சவை'. இப்போது 'எனக்கு' என்பதற்கு 'என்னை' போலிருக்கிறது. தானே திருத்திக்கொண்டு, அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார்கள் என்று ஜெர்மனில் சொன்னான். அதிகாரி தட்டச்சில் அதை ஏற்றினார்.

"தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி, தமிழர் வெளியில் தலைகாட்ட முடியாத நகரம் என்றீர்கள். உங்கள் குழுவை யாரும் மறிக்கவில்லையா?"

"இல்லை. அவையை ஆர் மறிக்கிறது?"

"சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள்."

"சிரிக்கச் சொன்னவை."

படம் எடுப்பவர்கள் எல்லா ஊரிலும் அதைத்தானே சொல்கிறார்கள். பார்த்தசாரதி அப்படியே மொழிபெயர்த்தான்.

படத்தின் ஓரத்தில் ஏழாவதாக ஓர் ஆள், கையை உயர்த்திக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தான். எல்லாரையும் விட அவன் முகத்தில்தான் சந்தோஷம் அதிகம். அதிகாரி பேனா முனையால் காட்டினார். "இவர் யார்?"

"அண்ணை."

'தெரிந்த ஒருவர்' என்றான் பார்த்தசாரதி. வாசலில் நின்ற காவலாளி அண்ணை, காப்பி கொண்டு வந்தவர் அண்ணை, யூட்டை விட ஆறு வயது சின்னவனான பார்த்தசாரதியும் அண்ணை. இவர்களுக்கு யார்தான் அண்ணை இல்லை?

"இந்தப் படத்தை ஏன் வைத்திருக்கிறீர்கள்?"

"அவைதான் தந்தவை, ஞாபகத்துக்கு வைச்சிரு எண்டு. வேலை முடிஞ்சுது, போ எண்டு விட்டிட்டினம். வேறை படம் என்னட்டை இல்லை."

என்ன வேலை என்று பார்த்தசாரதி கேட்டிருக்கலாம். மறுநாள் பரீட்சை, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கேட்கவில்லை.

"போதும்," என்றார் அதிகாரி. தட்டச்சிலிருந்து தாள்களை உருவிப் பார்த்தசாரதியிடம் தள்ளினார். "தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போடட்டும்."

பார்த்தசாரதிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏங்க, அடிச்சாங்க கொன்னாங்கன்னு சொல்லிட்டு டூர் போன ஃபோட்டோவையும் பைக்குள்ள வச்சிருக்கீங்களே! இதுல சைன் போட்டா அடுத்த ஃப்ளைட்ல கொழும்புதான், தெரியுமா?"

"தெரியும். வாசியுங்கோ அண்ணை."

அவன் வாசிக்க ஆரம்பித்தான். யூட் பேனாவை எடுத்தான். இரண்டு விரல்களுக்கு நடுவில் செருகிப் பிடித்தான். கட்டைவிரல்கள் இரண்டும் மடங்கவில்லை. அதைக் கண்டதும் பார்த்தசாரதியின் குரல் தானாக இறங்கியது.

"...ஆகஸ்ட் மாதம் நாலு நாட்கள், ஒரு குழுவினர் எனக்குக் கொழும்பைச் சுற்றிக் காட்டினார்கள்..."

பேனா நின்றது.

"அதிலை ஒரு சொல் பிழை."

"எந்தச் சொல்?"

யூட் படத்தைத் தன் பக்கம் இழுத்து, ஓடி வருகிறவனின் முகத்தில் விரலை வைத்தான்.

"எனக்கு இல்லை. என்னைத்தான் காட்டினவை, என்ரை அண்ணைக்கு."