வெளியூர் போன துணுக்கு

உயரம் தாண்டி விழுந்ததில் நித்திலாவின் வலது முழங்காலில் குருத்தெலும்பு ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டது. பதினைந்து வயது. மருத்துவர் முழங்காலின் நல்ல பக்கத்திலிருந்து ஒரு பயறளவு எடுத்து, வேறு ஊரிலிருந்த ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே ஐந்து வாரம் வளர்த்துத் திருப்பி அனுப்புவார்கள், அதை வைத்துக் குழியை நிரப்பிவிடலாம் என்றார்.

மகளை ஓர் இரவுகூட வெளியில் தங்க விடாதவள் கஸ்தூரி. மகளுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்த கடிதம் இன்னும் அவளுடைய புடவைகளுக்கு அடியில்தான் இருந்தது. இப்போது மகளின் துணுக்கு ஒன்று, தெரிந்தவர் யாருமில்லாத ஊரில் போய்த் தங்கியிருக்கிறது.

“அதுக்குச் சாப்பிட என்ன குடுப்பாங்க டாக்டர்?”

“இவ ரத்தமும் கூடவே போயிருக்கும்மா. அதுல இருந்து பிரிச்சுக் குடுப்பாங்க.”

“அப்ப வீட்டுச் சாப்பாடுதான்” என்றாள் கஸ்தூரி. ஆனாலும் வாரம் தவறாமல் ஆய்வகத்துக்குப் போன் செய்தாள். “நல்லா இருக்குக்கா” என்பாள் அங்கிருந்த பெண்.

அறுவைச் சிகிச்சை அன்று காலை குளிர்ப்பெட்டி வந்தது. கொண்டுவந்தவரிடம் கெஞ்சி வாங்கி ஒரு நிமிடம் மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்து அதன்மேல் போர்த்தினாள்.

“பாத்தியாம்மா, தனியாப் போயிட்டு வந்துடுச்சு” என்றாள் கட்டிலில் படுத்திருந்த நித்திலா.

கஸ்தூரி பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனபோது கூடவே நடந்தாள். கதவருகே குனிந்து கேட்டாள்:

“அந்த விடுதியில சாப்பாடு எப்படி இருக்குமாம்?”